யார் பையிலிருந்து விட்டுக்கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அலுவலகத்தில் தேநீருக்கும் விருந்துக்கும் தம் பங்கைத் தராமல் நழுவிவிடும் சக ஊழியர் ஒருவரைப் பற்றி மனம் நொந்து ஒரு வாசகர் எழுதிய கடிதத்தையும், அதற்கு மறுமொழியாக "பத்துப் பன்னிரண்டு ரூபாய்க்காக ஒரு மனிதரைப் பகைத்துக்கொள்வதா? பெருந்தன்மையோடு விட்டுவிடலாமே" என்று இன்னொரு வாசகர் கூறியிருந்த அறிவுரையையும் தங்கள் நாளிதழில் படித்தேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அந்த அறிவுரை நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், விட்டுக்கொடுக்கச் சொல்கிறவர், அந்தத் தொகை கடைசியில் யாருடைய பையிலிருந்து போகிறது என்று பார்க்கவில்லை. அதைப் பார்த்துவிட்டால் பெருந்தன்மை என்ற சொல்லை இவ்வளவு எளிதாக எடுத்து வைத்திருக்க மாட்டார்.

பெரிய அலுவலக வளாகங்களில் துறை சார்ந்த உணவகம் இருக்கும். அங்கே டோக்கன் வாங்கினால்தான் தேநீர். வாடகைக் கட்டடத்தில் இயங்கும் சிறிய அலுவலகங்களுக்கு எதிர்ச்சாரியில் உள்ள டீக்கடைதான் உணவகம். காலை பதினொரு மணிக்கும் பிற்பகல் மூன்றரைக்கும் ஒருவர் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போவார். அந்த ஒருவர் பிரிவு அதிகாரியாகவோ தலைமை எழுத்தராகவோ இருந்து நான் பார்த்ததில்லை. எம்.டி.எஸ். என்று நாங்கள் அழைக்கும் பல்பணி உதவியாளரோ, அவரும் இல்லாத இடத்தில் ஒப்பந்த நிறுவனம் வழியாக வந்த இளைஞரோதான் போவார். கடையில் பணத்தை முதலில் கொடுப்பது அவர்; பிறகு மேசை மேசையாகச் சென்று வசூலிக்க வேண்டியவரும் அவரே. அந்த நேரத்தில் ஒருவர் கூட்டத்தில் இருப்பார், ஒருவர் 500 ரூபாய்த் தாளை நீட்டுவார், ஒருவர் கைப்பேசியில் பேசிக்கொண்டே "அப்புறம்" என்று கையைக் காட்டுவார். கூட்டத்திலிருந்து வந்தவர் கொடுத்துவிடுவார், சில்லறை கிடைத்தவுடன் மற்றவரும் கொடுத்துவிடுவார். கையைக் காட்டியவர் மறுநாளும் கையைத்தான் காட்டுவார்.

ஒரு தேநீர் 12 ரூபாய், நாளைக்கு இரண்டு வேளை, மாதத்துக்கு 22 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால், ஒருவரின் பங்கு மாதம் 528 ரூபாய் ஆகிறது. ஆண்டுக்கு 6,336 ரூபாய். வடையையும் விருந்தாளிகளுக்கு வாங்கித் தரும் தேநீரையும் இதில் நான் சேர்க்கவில்லை. தினக்கூலிக் கணக்கில் சம்பளம் வாங்கும் ஒப்பந்த ஊழியருக்கு இந்தத் தொகை பல நாள் வருமானம். பத்துப் பன்னிரண்டு ரூபாய் என்று நம் வாசகர் குறிப்பிட்டது ஒரு வேளைக் கணக்கை மட்டுமே.

எங்கள் அலுவலகத்தில் பிளாஸ்க் தூக்கிச் சென்ற இளைஞர் ஒருவர் சட்டைப்பையில் ஒரு சிறிய நோட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் முதலெழுத்து, அதற்கு நேராகக் கோடுகள், பணம் வந்ததும் கோடுகளின் மேல் ஒரு குறுக்குக் கோடு. கணக்குப் பிரிவுக்காரனின் கண்ணுக்கு அது மிகவும் ஒழுங்கான பேரேடாகத் தெரிந்தது. அதில் ஓர் அதிகாரியின் முதலெழுத்து மட்டும் இல்லை. அவருக்கும் நாள்தோறும் தேநீர் போகிறதே, அது எங்கே எழுதப்படுகிறது என்று கேட்டேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். அங்கே தலைப்பும் பெயரும் இல்லாமல் கோடுகள் மட்டும் வரிசையாக இருந்தன. குறுக்குக் கோடு ஒன்றுகூட இல்லை. "அவர்கிட்ட எப்படி சார் கேக்கறது? வருகைப் பதிவேட்டுல அவர்தானே கையெழுத்துப் போடணும்" என்றார்.

இந்த விவகாரத்தில் பெரும்பாலோர் கவனிக்காத இடம் இதுதான் என்று கருதுகிறேன். சம நிலையில் உள்ள இருவருக்கிடையே பங்கு பாக்கி நின்றால், ஒருவர் கேட்கலாம், மற்றவர் முகம் சுளிக்கலாம், இருவரும் சில நாள் பேசாமல் இருக்கலாம், அதோடு போகும். ஆனால் அலுவலகத்தில் வசூலிக்கும் வேலை எப்போதும் மேலிருந்து கீழே இறங்கி, மறுக்க முடியாதவரிடம் வந்து நிற்கிறது. அவருக்கு மேலுள்ளவரிடம் காசு கேட்கும் உரிமை அவருக்கு இருப்பதாக யாரும் நினைப்பதில்லை, அவர் உட்பட. சக ஊழியர்களாகிய நாம் "அவர் அப்படித்தான், விடுப்பா" என்று சிரித்துக்கொண்டே நகரும்போது, நம் பங்கை நாம் கொடுத்துவிட்டதால் கணக்கு தீர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். அவர் தராத பங்கு நம்மில் யார் தலையிலும் விழாததால்தான் நம்மால் சிரிக்க முடிகிறது.

கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு வெளியே சொல்ல முடியாத ஒரு வசதி உண்டு. எல்லோருடைய சம்பளப் பட்டியலும் அவர் கைவழியாகத்தான் போகும். பிடித்தம் எல்லாம் போக யார் எவ்வளவு கையில் வாங்குகிறார்கள் என்பது தெரியும். தன் பங்கைத் தேடி வந்து கொடுக்கிறவர்களில், வீட்டுக் கடன், சங்கக் கடன், வருங்கால வைப்பு நிதியில் வாங்கிய முன்பணம் என்று முக்கால் சம்பளம் பிடித்தத்திலேயே போகிறவர்கள் இருந்தார்கள். கடைசிப் பக்கத்துக் கோடுகளுக்கு உரியவரின் பட்டியலில் வருமான வரியைத் தவிரச் சொல்லத்தக்க பிடித்தம் எதுவும் இல்லை. எனவே பங்கு தராதவரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் "பாவம், வீட்டில் என்ன கஷ்டமோ" என்று பரிந்து பேசுகிறவர்களின் நல்ல மனத்தை மதித்தாலும், அந்த ஊகத்தை நான் பொதுவாக ஏற்பதில்லை. உண்மையிலேயே கஷ்டத்தில் இருக்கிறவர் பெரும்பாலும் வேறு மாதிரி நடந்துகொள்வார். தேநீர் வேண்டாம் என்பார், விருந்தன்று விடுப்பு எடுப்பார், சாப்பாட்டு நேரத்தில் வேலை இருப்பதாகச் சொல்லி மேசையிலேயே இருந்துவிடுவார். கடன் பட்டுவிடக் கூடாது என்ற கூச்சத்தில் ஒதுங்குகிறவர் அவர். கூச்சமில்லாமல் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பில் வரும்போது கை கழுவப் போகிறவர் வேறு ஆள்.

பணத்தைப் பற்றிப் பேசுவது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்றும் அந்த வாசகர் எழுதியிருந்தார். எந்தப் பண்பாடு என்று தெரியவில்லை. கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, ஊர் பெயர், தகப்பனார் பெயர், தொகை என்று மொய் எழுதி, ஒலிபெருக்கியில் வாசிக்கவும் செய்கிற ஊர்களில் பிறந்தவர்கள் நாம். பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கங்களில் மொய் விருந்து என்று அதற்காகவே பத்திரிகை அடித்துக் கறிவிருந்து வைக்கிறார்கள். அங்கே வாங்கியதைத் திருப்பிச் செய்யாமல் இருப்பதுதான் அவமானம். எழுதிவைத்துக் கேட்பது அவமானமில்லை. அதே மனிதர்கள் அலுவலகத்துக்குள் வந்ததும், கொடுக்காதவரை விட்டுவிட்டுக் கேட்கிறவரை அற்பர் என்று சொல்லத் தொடங்குவது விந்தையாக இருக்கிறது.

தேநீரை விடப் பெரிய தொகை புழங்குவது பணி நிறைவு விழாக்களில். மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறவருக்குப் பொன்னாடை, மோதிரம் அல்லது கைக்கடிகாரம், மதிய விருந்து, குழுப் படம் என்று ஏற்பாடு நடக்கும். தலைக்கு இவ்வளவு என்று ஒருவர் தாள் எடுத்துக்கொண்டு கிளம்புவார். பெயருக்கு நேராகத் தொகையை எழுதிவிட்டுப் பணம் தராதவர்கள், எழுதவும் எழுதாமல் விருந்துக்கு வருகிறவர்கள் என இருவகையினரும் உண்டு. பரிசைக் கையில் கொடுக்கும் படத்தில் எல்லோருடைய கையும் இருக்கும். பற்றாக்குறையான தொகையை, ஏற்பாடு செய்த எழுத்தர் கைக்காசைப் போட்டு ஈடு கட்டியிருப்பார். அடுத்த முறை யாரும் அந்தப் பொறுப்பை ஏற்க முன்வராததற்குக் காரணம் அதுதான்.

ஆனால் இங்கே நான் பங்கு தராதவரின் பக்கமும் சற்றுப் பேச வேண்டியிருக்கிறது. மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள், 1964-இல் 14-ஆம் விதியின் கீழ் ஒரு குறிப்பு இருக்கிறது. பிரிவுபசார விருந்து தனிப்பட்ட முறையில், எளிமையாக நடப்பதாக இருந்தாலும்கூட, அதற்குச் சந்தா தரும்படி எந்த அரசு ஊழியரையும் வற்புறுத்துவதோ செல்வாக்கைப் பயன்படுத்துவதோ தடை செய்யப்பட்டுள்ளது என்கிறது அந்தக் குறிப்பு. அடுத்த பகுதி இன்னும் கூர்மையானது. சி, டி எனப்படும் கீழ்நிலைப் பணிப் பிரிவுகளைச் சேராத ஓர் ஊழியருக்கு விருந்தளிப்பதற்காக சி, டி பிரிவு ஊழியர்களிடமிருந்து எந்தச் சூழ்நிலையிலும் வசூல் செய்யக் கூடாது. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு டி பிரிவு சி பிரிவிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. ஆகவே இன்றைய நிலையில் பல்பணி உதவியாளர் முதல் எழுத்தர் வரை அனைவரும் இந்தப் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். அதிகாரியின் விருந்துக்கு எழுத்தரிடம் தாளை நீட்டுவதே விதிமீறல் என்பது நீட்டுகிறவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் சொல்வதில்லை.

இந்த விதியை எழுதியவர்கள் அலுவலகத்தை நன்றாக அறிந்தவர்கள் என்று எனக்குத் தோன்றும். கேட்கிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் இடையே பதவி வேறுபாடு இருந்தால் விருப்பம் என்பது பெயரளவில்தான் இருக்கும் என்பதை அவர்கள் புரிந்திருக்கிறார்கள். எனவே ஒரு விருந்துக்குப் பங்கு தர விரும்பாத ஊழியர் "நான் கலந்துகொள்ளவில்லை, பங்கும் தரவில்லை" என்று முன்கூட்டியே சொன்னால் அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அவரை இந்தக் கடிதத்தின் பொருளாகவும் நான் கருதவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தராதவரும், சாப்பிடாமல் தராதவரும் ஒருவர் ஆகமாட்டார்கள். தராதவர் பட்டியல் என்று வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. அந்தப் பட்டியலில் பெயர் வந்தால் முதலில் உடைந்துபோவது, முன்பு சொன்ன ஒதுங்கிப் போகும் மனிதர்தான். மற்றவர் ஒரு சிரிப்புப் பொம்மையைப் பதிலாகப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

சமமாகப் பிரிப்பதே நியாயம் என்ற எண்ணத்தையும் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். ஒருவர் தயிர் சாதம் சாப்பிட, நான்கு பேர் பிரியாணியும் வறுவலும் சாப்பிட்டு, மொத்தத்தை ஐந்தாக வகுத்தால் தயிர் சாதக்காரர் மற்றவர்களுக்கு விருந்து வைத்ததாக ஆகிறது. இஸ்ரேலில் மாணவர்களைக் கொண்டு நடத்தி 2004-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், தாம் சாப்பிட்டதற்குத் தாமே பணம் தர வேண்டும் என்றபோது சராசரியாக 37 ஷெக்கலுக்குச் சாப்பிட்டவர்கள், மொத்தத்தைச் சமமாகப் பிரிக்கலாம் என்றபோது 51 ஷெக்கலுக்குச் சாப்பிட்டார்கள் என்று கண்டார்கள். நம் ஊர் மாணவர்களிடம் நடத்தியிருந்தாலும் முடிவு பெரிதாக மாறியிருக்காது. தயிர் சாதத்தின் விலையையும் அதற்குரிய 5 விழுக்காடு ஜிஎஸ்டியையும் மட்டும் வைத்துவிட்டுப் போகிறவரைக் கஞ்சன் என்று அழைப்பது தவறு.

காரில் சேர்ந்து வருகிறவர்கள் கணக்கு தனி. புறநகரிலிருந்து ஒருவர் காரில் மூன்று பேர் ஏறி வருவார்கள். பெட்ரோலுக்கு ஏதோ கொடுப்பார்கள். சில மாதங்களில் அதுவும் தேயும். முன்பு சுங்கச்சாவடியில் கண்ணாடியை இறக்கிப் பணத்தை நீட்டும்போதாவது உடனிருப்பவரின் கை பைக்குள் போகும். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு பணம் உரிமையாளரின் கணக்கிலிருந்து ஓசையில்லாமல் கழிகிறது. பின்னிருக்கையில் இருப்பவருக்கு அப்படி ஒரு செலவு இருப்பதே நினைவில் இருப்பதில்லை. டயர், காப்பீடு, சர்வீஸ் ஆகியவை பேச்சிலேயே வருவதில்லை. கேட்டால், "நீங்கள் எப்படியும் அந்த வழியாகத்தானே போகிறீர்கள்" என்ற பதில் தயாராக இருக்கும். கேட்பதற்குச் சரியாகத் தோன்றும் இந்த வாதத்தை ஒத்துக்கொண்டால், பேருந்தும் எப்படியும் போகத்தான் செய்கிறது என்று நடத்துநரிடம் சொல்லலாம்.

சில்லறைதான் சிக்கல், கைப்பேசியில் பணம் அனுப்பும் வசதி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினோம். 2016-இல் யுபிஐ வந்தது. சில்லறை என்ற சாக்கு போனது. நெட்வொர்க் இல்லை, வங்கி சர்வர் வேலை செய்யவில்லை என்ற சாக்குகள் வந்தன. கொடுக்க வேண்டியவருக்குச் செயலி வழியாகவே கோரிக்கை அனுப்பி வாங்கும் வசதி ஒன்று இருந்தது. மோசடிக்காரர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்தியதால், தனிநபர்கள் ஒருவருக்கொருவர் அப்படிக் கோரிக்கை அனுப்புவது 2025 அக்டோபர் முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே வாய் திறந்து கேட்பதைத் தவிர வேறு வழியில்லை என்ற பழைய இடத்துக்கே வந்திருக்கிறோம். அது ஒருவகையில் நல்லதுதான்.

கேட்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். பங்கு தராதவரை எல்லோர் முன்னிலையிலும் கிண்டல் செய்வது நம் அலுவலகங்களில் வழக்கம். "அண்ணன் பர்ஸைத் திறந்தால் மழை வரும்" என்று ஒருவர் சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள், அண்ணனும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்போடு பாக்கி தள்ளுபடியாகிவிடும். கிண்டலைத் தாங்கிக்கொள்வதே அவர் செலுத்தும் பங்காக மாறிவிடுகிறது. அதைவிட, அன்றைய தினமே, தனியே, தொகையைச் சொல்லிக் கேட்பது பயன் தரும். "மதியச் சாப்பாட்டில் உங்கள் பங்கு 180 ரூபாய், இப்போதே அனுப்பிவிடுகிறீர்களா?" என்பதில் குத்தலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. "அந்தக் காசு..." என்று இழுத்தால் எந்தக் காசு என்று அவரும் இழுப்பார். பதவியில் இளையவர் கேட்க முடியாத இடத்தில் அவருக்காகக் கேட்பது, தராதவருக்குச் சமமான நிலையில் இருக்கும் சக ஊழியரின் வேலை.

பத்திரமோ ரசீதோ இல்லாத இந்தக் கணக்கை எந்தச் சட்டம் ஏற்கும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 70-ஆம் பிரிவில், இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் இன்னொருவருக்குச் சட்டப்படி ஒன்றைச் செய்தாலோ தந்தாலோ, அதன் பயனை அனுபவித்தவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்று கூறுகிறது. தேநீர்ப் பாக்கிக்காக யாரும் நீதிமன்றப் படியேறப் போவதில்லை. ஆயினும் கேட்கிறவர் பிச்சை கேட்கவில்லை என்பதற்கு அந்தப் பிரிவு போதும்.

நீதிமன்றம் வரை உண்மையிலேயே போகும் பாக்கி ஒன்று உண்டு. பணியாளர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் வாங்க சக ஊழியரின் பிணையம் வேண்டும். "ஒரு கையெழுத்துதானே" என்று தேநீர் நேரத்தில் படிவம் நீளும். கடன் வாங்கியவர் தவணையை நிறுத்திவிட்டால், சங்கத்திலிருந்து சம்பளம் பட்டுவாடா செய்யும் அதிகாரிக்குக் கடிதம் வரும். கடன்காரர் சம்பளமில்லா விடுப்பில் இருந்தாலோ, அவர் சம்பளத்தில் பிடிப்பதற்கு எதுவும் மிஞ்சாவிட்டாலோ, பிணை நின்றவரின் சம்பளத்தில் சங்கப் பிடித்தம் என்ற தலைப்பில் ஒரு தொகை ஏறும். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "நான் சங்கத்தில் கடனே வாங்கவில்லையே" என்று எங்கள் பிரிவுக்கு ஓடி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு, வேறு ஏற்பாடு இல்லாதபோது பிணையாளியின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்கு இணையானது என்கிறது. முதலில் அவரிடம் கேளுங்கள், கிடைக்காவிட்டால் என்னிடம் வாருங்கள் என்று பிணையாளி பொதுவாகச் சொல்ல முடியாது.

அப்படிக் கட்டியவருக்கு உரிமைகளும் இருக்கின்றன. 145-ஆம் பிரிவின்படி, பிணையாளி முறைப்படி கட்டிய தொகையைக் கடனாளி அவருக்குத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர். எழுதிக் கொடுக்காவிட்டாலும் அந்த உறுதிமொழி உண்டு என்றே சட்டம் கொள்கிறது. 146-ஆம் பிரிவின்படி, இருவர் பிணை நின்றிருந்தால் சுமை இருவருக்கும் சமம். ஒருவர் முழுவதையும் கட்டியிருந்தால் மற்றவரிடம் பாதியைக் கேட்கலாம். ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறோமே என்று தயங்கி, பலர் ஓர் அறிவிப்புக் கடிதம்கூட அனுப்புவதில்லை. காலவரம்புச் சட்டம் இத்தகைய பாக்கிகளுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகளே அவகாசம் தருகிறது. தயக்கத்திலேயே அந்த மூன்று ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அதற்குள் கடன் வாங்கியவர் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த நபரைப் பற்றி என்ன தெரிந்துகொள்வது என்று என்னிடம் யோசனை கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில், டீ வாங்கி வரும் பையனைக் கேளுங்கள் என்பதுதான். ஒருவர் கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணைப் பார்க்கும் வசதி வங்கிக்கு இருக்கிறது. சக ஊழியருக்கு அந்த நோட்டுதான் இருக்கிறது. சிறு தொகையை ஞாபகமாகத் தருகிறவர் பெருங்கடனில் தவறுவதும் உண்டு, அது நேர்மைக் குறைவால் அல்லாமல் நோயாலோ குடும்பச் சுமையாலோ இருக்கலாம். ஆனால் வசதி இருந்தும் 12 ரூபாயை மறக்கிறவர் கடன் தவணையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை. மத்திய அரசு ஊழியர் வழக்கமான கடன்காரராக ஆகாத வகையில் தம் சொந்த விவகாரங்களை நடத்திக்கொள்ள வேண்டும் என்று அதே நடத்தை விதிகளின் 17-ஆம் விதி சொல்கிறது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

எங்கள் அலுவலகத்தில் தேநீர்ச் சிக்கல் தீர்ந்த விதம் மிகவும் எளியது. மாற்றலாகி வந்த பெண் அதிகாரி ஒருவர், வந்த சில வாரங்களில் அந்த நோட்டைப் பார்த்தாரோ யாரேனும் சொன்னார்களோ தெரியாது, அடுத்த சம்பள நாளன்று ஒரு தாளில் தம் பெயரை முதலில் எழுதி, மாதத் தொகையை அதன் மேல் வைத்து, சுற்றுக்கு விட்டார். பணம் வைத்தவர்கள் பெயர் எழுதலாம், எழுதியவர்களுக்கு மட்டும் மாதம் முழுவதும் தேநீர், விடுப்பு நாட்களுக்குரிய தொகை அடுத்த மாதம் கழித்துக்கொள்ளப்படும், விருந்தாளிகளுக்கான தேநீரை யாரைப் பார்க்க வந்தார்களோ அவர்கள் தருவார்கள். யாரையும் கண்டிக்கவில்லை, பழைய பாக்கியைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. பிளாஸ்க் எடுத்துச் செல்கிறவரின் கையில் பணம் முன்கூட்டியே இருந்தது. அவருக்குரிய தேநீருக்கு அவரிடம் பங்கு வாங்குவதில்லை என்றும் முடிவாயிற்று. பெயர் எழுதாதவருக்கு ஊற்றாமல் நகர்வது சங்கடமாக இருந்ததென்றால் அது முதல் சில நாட்கள்தான். தாளில் பெயர் இல்லை என்று சொல்வது அந்த இளைஞருக்கு எளிதாக இருந்தது. சொன்னது அவரல்ல, தாள்.

கடைசிப் பக்கத்துக் கோடுகளுக்கு உரியவர் பெயர் எழுதவில்லை. தேநீர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, வீட்டிலிருந்து சுக்குக் காப்பி கொண்டுவரத் தொடங்கினார். அது அவருடைய உரிமை. அதன் பிறகு அவரைப் பற்றி முணுமுணுப்பு எதுவும் எழவில்லை. சொல்லப்போனால் அவரோடு பழகுவது எங்களுக்கு முன்பைவிட எளிதாக இருந்தது. பழைய கோடுகளுக்குரிய பணம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. பிரிவில் இருந்த நாங்கள் சிலர் சேர்ந்து அதை அந்த இளைஞருக்குக் கொடுத்தோம். அந்த வாசகர் சொன்ன பெருந்தன்மை அங்கே பொருந்தும், ஏனெனில் அது எங்கள் பையிலிருந்து போனது.

தேநீர்க் கணக்கை முன்கூட்டியே வசூலிக்க அரசாணை எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு பிரிவிலும் மூத்தவராக இருப்பவர் தாளில் தம் பெயரை முதலில் எழுதினால் நடந்துவிடும். பணி நிறைவு விழா வசூலைப் பொறுத்தவரை அலுவலகத் தலைவர்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நடத்தை விதிகளின் 14-ஆம் விதிக்குரிய குறிப்பு ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. ஓய்வு பெறுவோரின் பெயர்ப் பட்டியல் சுற்றுக்கு வரும்போது, அதன் கீழேயே அந்தக் குறிப்பையும் தமிழில் தட்டச்சு செய்து அனுப்பினால் போதும். தாளை நீட்டுகிறவரும் கையெழுத்துப் போடுகிறவரும் அதைப் படித்துவிட்டு முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்குப் பிரிவு ஊழியர்,
திருச்சிராப்பள்ளி.